அதிகாரம் எங்கிருந்து வருகிறது? – வாசகர் கேள்வி பதில்

ஆவிக்குரிய அதிகாரம் பற்றி வந்த கடிதங்களைச் சேர்த்து, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சிலர் ஜெபித்தால் ஏதோ நடக்கிறது, எங்கள் ஜெபக்குழுவில் தொண்டை கட்டும்வரை பிசாசை அதட்டினாலும் ஒன்றும் நடப்பதில்லை. ஆவிக்குரிய அதிகாரம் ஜெபத்தால் வருகிறதா, உபவாசத்தால் வருகிறதா, அபிஷேகத்தால் வருகிறதா?
– இளைஞர் ஐக்கியச் செயலர் ஒருவர்

ஜெபமும் உபவாசமும் வேண்டியவைதாம். ஆனால் அதிகாரத்தின் ஊற்று அங்கே இல்லை. இதே கேள்வியை இயேசுவிடமே நேராகக் கேட்டிருக்கிறார்கள். மத்தேயு 21ஆம் அதிகாரம். தேவாலயத்தில் போதித்துக்கொண்டிருந்தவரிடம் பிரதான ஆசாரியரும் மூப்பரும் வந்து, எந்த அதிகாரத்தினால் இவற்றைச் செய்கிறீர் என்கிறார்கள். அவர் யோவான் கொடுத்த ஞானஸ்நானத்தைப் பற்றித் திருப்பிக் கேட்கிறார். அவர்கள் தெரியாது என்று நழுவுகிறார்கள். பல பிரசங்கங்கள் அந்த 27ஆம் வசனத்தோடு முடிந்துவிடும். 28ஆம் வசனத்தில் இயேசு இரண்டு குமாரரின் கதையைத் தொடங்குகிறார். திராட்சத்தோட்டத்தில் வேலை செய்யச் சொன்னபோது மூத்தவன் மாட்டேன் என்றான், பிறகு மனஸ்தாபப்பட்டுப் போனான். இளையவன் ‘போகிறேன் ஐயா’ என்றான், போகவில்லை. அதிகாரத்தைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, யார் கீழ்ப்படிந்தான் என்ற கதைதான் பதிலாகக் கிடைத்தது.

மத்தேயு 8இல் வரும் நூற்றுக்கு அதிபதி என்னும் ரோமப் படைத்தலைவர் இதை வேதபாரகரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர். ‘நான் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவனாயிருந்தும்’ என்றுதான் அவர் தொடங்குகிறார். எனக்குக் கீழே சேவகர் உண்டு என்பதை அதன்பிறகே சொல்கிறார். அவர் சொல்லுக்குச் சேவகர் அசைவதன் காரணம் அவர் குரலின் கனம் அல்ல. மேலிருந்து வரும் ஆணைக்கு அவரே அடங்கியிருக்கிறார், அதனால் அவர் சொல்லுக்குப் பின்னால் ரோமாபுரி நிற்கிறது. இயேசுவும் பிதாவோடு அப்படித்தான் இருக்கிறார் என்று அந்த மனிதர் கண்டுகொண்டார். யோவான் 5:19இலும் 12:49இலும் இயேசு தம்மைப்பற்றிச் சொல்வதும் அதுவே: பிதா செய்யக் காண்பதையே செய்கிறேன், அவர் கட்டளையிட்டதையே பேசுகிறேன்.

பவர் பத்திரத்தை நினைத்துப் பாருங்கள். அதை வைத்திருப்பவர் போடும் கையெழுத்து, பத்திரம் சொல்லும் காரியத்துக்குச் செல்லும். அதற்கு வெளியே அவர் எவ்வளவு அழுத்திப் போட்டாலும் செல்லாது. ஆவிக்குரிய அதிகாரமும் கொடுக்கப்பட்ட கட்டளையின் அளவுக்கே நீளும். எபேசுவில் ஸ்கேவாவின் ஏழு குமாரர் (அப்போஸ்தலர் 19) பொல்லாத ஆவியைத் துரத்த, ‘பவுல் பிரசங்கிக்கிற இயேசு’ என்று நாமத்தைச் சரியாகவே உச்சரித்தார்கள். ஆனால் அவர்களை யாரும் அனுப்பவில்லை. காயப்பட்டு, வஸ்திரமில்லாமல் ஓடினார்கள்.

யாக்கோபு 4:7ஐ நம் கூட்டங்களில் பாதியாக வெட்டிச் சொல்லும் பழக்கம் உண்டு. ‘பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள்’ என்பது அதன் நடுப்பகுதி. ‘தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்’ என்பது முதற்பகுதி. அதட்டுவதற்கு முன்பு, செய்யச் சொல்லித் தெரிந்தும் தள்ளிப்போட்ட காரியம் ஏதாவது குழுவில் கிடக்கிறதா என்று பாருங்கள். இரண்டு பேர் பேசிக்கொள்ளாமல் ஒரே வட்டத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறார்களா? மத்தேயு 5:23, 24இன்படி காணிக்கையை வைத்துவிட்டு முதலில் ஒப்புரவாக வேண்டியது அங்கேதான். அதன்பிறகும் நீங்கள் கேட்டபடி நடக்காமல் இருக்கலாம். கெத்செமனேயில் இயேசுவின் வேண்டுதலும் ‘உம்முடைய சித்தத்தின்படியே’ என்றுதான் முடிந்தது.

கேள்வி: எத்தனை நாள் உபவாசம் இருந்தால் அதிகாரம் கிடைக்கும்? 21 என்கிறார்கள், 40 என்கிறார்கள்.

அப்படி ஒரு கணக்கு வேதத்தில் இல்லை. 40 நாள் உபவாசத்தின் முடிவில் இயேசுவுக்கு வந்ததைக் கவனியுங்கள். லூக்கா 4:6இல் பிசாசு உலக ராஜ்யங்களின் அதிகாரத்தையே தருவதாகச் சொல்கிறான். விலை, ஒரே ஒரு பணிதல். சிலுவை இல்லாமல் அதிகாரம். இயேசு மறுத்தார். மத்தேயு 28:18இல் ‘வானத்திலும் பூமியிலும் சகல அதிகாரமும் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது’ என்று அவர் சொல்வது மரணபரியந்தம் கீழ்ப்படிந்த பிறகு. அவர் கீழ்ப்படிந்தார் என்னும் பிலிப்பியர் 2:8க்கும், தேவன் அவரை உயர்த்தினார் என்னும் 9க்கும் நடுவில் இருக்கும் ‘ஆதலால்’தான் இதற்கெல்லாம் அச்சாணி. நாள் எண்ணி உபவாசித்துவிட்டு எனக்கு வரவேண்டியதைத் தா என்று நிற்பவர், தெரியாமலே அந்தக் குறுக்குவழியைத்தான் கேட்கிறார்.

கேள்வி: ஒரு ஊழியரின் தனிவாழ்க்கை சரியில்லை என்று உறுதியாகத் தெரியவந்தது. ஆனாலும் அவர் ஜெபித்தவர்கள் சுகமானது உண்மை. கீழ்ப்படிதல்தான் அடிப்படை என்றால் இது எப்படி?

எண்ணாகமம் 20ஐ நிதானமாக வாசியுங்கள். கன்மலையைப் பார்த்துப் பேசு என்றார் கர்த்தர். மோசே ஜனங்களைக் கடிந்துகொண்டு, கோலினால் இரண்டுதரம் அடித்தார். தண்ணீர் வராமல் போயிருந்தால் நமக்குக் கணக்கு எளிதாகியிருக்கும். வந்தது, ஏராளமாகவே வந்தது. சபையாரும் மிருகங்களும் குடித்தார்கள். குடித்துக்கொண்டிருந்த யாருக்கும் தவறு நடந்ததாகத் தோன்றியிருக்காது. ஆனால் அடுத்த வசனத்தில் தீர்ப்பு: நீங்கள் இந்தச் சபையை வாக்குத்தத்த தேசத்துக்குள் கொண்டுபோவதில்லை. தண்ணீர், தாகமாயிருந்த ஜனங்கள்மேல் தேவனுக்கு இருந்த இரக்கம். அதை மோசேயின் நடத்தைக்குக் கிடைத்த சான்றிதழாக வாசித்தால் அந்த வேதப்பகுதியே தலைகீழாகிவிடும்.

ஆகவே பலன் வேறு, அங்கீகாரம் வேறு. மத்தேயு 7:22இல் தீர்க்கதரிசனம் உரைத்தோம், பிசாசுகளைத் துரத்தினோம், அற்புதங்கள் செய்தோம் என்பவர்களைப் பார்த்து, நீங்கள் அவற்றைச் செய்யவே இல்லை என்று இயேசு சொல்லவில்லை. ‘ஒருக்காலும் உங்களை அறியவில்லை’ என்கிறார். அதற்கு முந்தின வசனம் பிதாவின் சித்தத்தின்படி செய்கிறவனைப் பற்றியது. உபாகமம் 13 இன்னும் ஒரு படி மேலே போகிறது: சொன்ன அடையாளம் நடந்தேறினாலும், அந்நிய தேவர்களிடம் உங்களை அழைப்பவனுக்குச் செவிகொடாதேயுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். சுகம் பெற்றவர் தேவனுக்கு நன்றி சொல்லட்டும். அதைப் பொய் என்று ஆக்கத் தேவையில்லை. ஊழியரின் தவறு தனியாக விசாரிக்கப்படட்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மூடுவதுதான் சபைகளில் மிகுதியாக நடக்கும் கேடு. ‘இத்தனை ஆத்துமாக்களை ஆதாயம் பண்ணியவர்’ என்ற வாதம் எழும்போதெல்லாம் இரண்டு கோப்புகளைப் பிரித்து வையுங்கள்.

கேள்வி: அதே போன்ற ஒருவர் கையில்தான் நான் ஞானஸ்நானம் பெற்றேன். அது செல்லுமா? மறுபடியும் எடுக்க வேண்டுமா?

செல்லும், எடுக்க வேண்டாம். சபை 4ஆம் நூற்றாண்டிலேயே இதை விவாதித்துவிட்டது. ரோமப் பேரரசர் தியோக்கிலேத்தியனின் துன்புறுத்தல் காலத்தில் வேதச்சுருள்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்கள் மற்றவர்களை ஊழியத்துக்கு நியமித்துச் செய்த அபிஷேகம் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் பிரிந்துபோனார்கள். 314இல் ஆர்ல் நகரில் கூடிய ஆயர் சங்கமும், பின்னர் 411இல் கார்த்தேஜில் நடந்த விசாரணையும் அவர்களுக்கு எதிராக முடிந்தன. ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையது, கொடுக்கும் கை எப்படிப்பட்டதானாலும் அவரே கொடுக்கிறார் என்பது வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனின் வாதம். கத்தோலிக்கரின் திரெந்து சங்கமும் (1547), ஆங்கிலிக்க சபையின் 39 விதிகளில் 26ஆம் விதியும் இதே பக்கத்தில் நிற்கின்றன. அந்த 26ஆம் விதி அதோடு நிற்காமல், தீய ஊழியர்களை விசாரித்து, குற்றம் உறுதியானால் நீக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. முதல் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுபவர்களிடம் கவனமாக இருங்கள்.

கேள்வி: எங்கள் சபையில் வேலை மாற, வீடு மாற, வரன் பார்க்க, எல்லாவற்றுக்கும் போதகரின் அனுமதி வேண்டும். மீறினால் ‘ஆவிக்குரிய பாதுகாப்பு விலகிவிடும்’ என்கிறார். எபிரெயர் 13:17ஐக் காட்டுகிறார். என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

இந்தப் பொருளில் எங்களுக்கு அதிகம் வரும் கடிதம் இது, சகோதரி. சற்று விரிவாகவே பார்ப்போம்.

எபிரெயர் 13:17 ‘உங்களை நடத்துகிறவர்களுக்கு’ அடங்கச் சொல்வது உண்மை. பத்து வசனம் முன்னால், 13:7இல், அந்த நடத்துகிறவர்கள் யார் என்பதும் எழுதியிருக்கிறது: தேவவசனத்தைப் போதித்தவர்கள், நடக்கையின் முடிவை நன்றாய்ச் சிந்தித்துப் பார்க்கத் தகுந்தவர்கள். போதகரின் நடக்கையைச் சிந்தித்துப் பார்க்கும்படி விசுவாசிக்கே அங்கே சொல்லப்படுகிறது. 13:17லும் அவர்கள் ‘உத்தரவாதம்’ பண்ண வேண்டியவர்கள், அதாவது கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள். கணக்குக் கேட்க மேலே ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அவர்களுக்குக் கீழ்ப்படிவதற்கே காரணம்.

அந்த அதிகாரத்தின் எல்லையைப் பவுல் தம் எழுத்திலேயே காட்டுகிறார். 1 கொரிந்தியர் 7ஐ எடுங்கள். 10ஆம் வசனத்தில், இது என் கட்டளை அல்ல, கர்த்தருடையது. 12ஆம் வசனத்தில், இதை நான் சொல்கிறேன், கர்த்தர் அல்ல. 25ஆம் வசனத்தில், இதைக்குறித்து எனக்குக் கட்டளையில்லை, என் கருத்தைச் சொல்கிறேன். மூன்று தட்டுகளாகப் பிரித்து வைக்கிறார். ஒரு அப்போஸ்தலரே தம் கருத்தைக் கருத்து என்று சொல்லிவிட்டு எழுதும்போது, வரன் விஷயத்தில் தம் விருப்பத்தைக் கர்த்தரின் கட்டளையாக ஆக்க யாருக்கும் உரிமை இல்லை. அதே பவுல் 2 கொரிந்தியர் 1:24இல், உங்கள் விசுவாசத்துக்கு நாங்கள் அதிகாரிகள் அல்ல என்றும், 10:8இல், அதிகாரம் கொடுக்கப்பட்டது கட்டுவதற்கே, நிர்மூலமாக்க அல்ல என்றும் எழுதுகிறார்.

கீழ்ப்படிதலை மிக உயர்வாகப் போற்றிய மரபுகளும் எல்லை வகுத்தே வைத்தன. 13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், திருமணம் செய்வதா, மணமாகாமல் இருப்பதா என்பதில் பிள்ளைகள் பெற்றோருக்குக்கூடக் கீழ்ப்படியக் கடமைப்பட்டவர்கள் அல்ல என்று எழுதினார். 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித ஆசீர்வாதப்பரின் (பெனடிக்ட்) மடத்து ஒழுங்கில் 5ஆம் அதிகாரம் தாமதமில்லாத கீழ்ப்படிதலைக் கேட்கிறது. ஆனால் 3ஆம் அதிகாரம், முக்கிய காரியங்களில் மடாதிபதி எல்லாச் சகோதரரையும் கூட்டிக் கேட்க வேண்டும் என்கிறது. இளையவருக்குத் தேவன் நல்லதை வெளிப்படுத்துவதுண்டாம். 68ஆம் அதிகாரம், செய்ய முடியாத வேலையைச் சொன்னால் ஏன் முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொல்ல இடம் தருகிறது. உறுதிமொழி எடுத்த துறவிக்கே அவ்வளவு இடம் இருக்கிறது.

இந்த ‘பாதுகாப்பு’ போதனை 1970களில் அமெரிக்காவில், ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலை மையமாகக் கொண்ட ஷெப்பர்டிங் இயக்கத்தின் வழியாகப் பரவலானது. ஒவ்வொரு விசுவாசியும் ஒரு மேய்ப்பருக்கு அடங்கி, வேலை, பணம், திருமணம்வரை கேட்டுச் செய்ய வேண்டும் என்றார்கள். பலர் நொறுங்கிப்போனார்கள். அதன் முன்னணிப் போதகர்களில் ஒருவரே பின்னாளில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். தொடக்கத்தில் அவர்கள் கெட்ட எண்ணத்தோடு வந்தவர்கள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தறிகெட்டு அலைந்த புது விசுவாசிகளுக்கு ஒழுங்கு வேண்டும் என்றே தொடங்கினார்கள். தேவனுக்குக் கொடுக்க வேண்டிய கீழ்ப்படிதலை இடையில் நிற்கும் ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ள ஆரம்பித்ததும் அது கெட்டது.

நீங்கள் செய்யக்கூடியது இது. போதகர் ஒன்றைச் சொல்லும்போது, இது வேதம் தெளிவாகச் சொல்வதா, வேதத்திலிருந்து நீங்கள் எடுத்த முடிவா, உங்கள் ஆலோசனையா என்று மரியாதையாகக் கேளுங்கள். முதலாவது என்றால் வசனத்தைக் கேட்டு, முன்பின் அதிகாரங்களோடு வாசியுங்கள். பெரோயா பட்டணத்தார் பவுலின் பேச்சையே தினந்தோறும் வேதத்தோடு ஒத்துப்பார்த்தார்கள், அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள். இரண்டாவது என்றால் வேறு இரண்டு முதிர்ந்த விசுவாசிகளிடமும் கேளுங்கள், அவர்களில் ஒருவராவது உங்கள் சபைக்கு வெளியே இருப்பது நல்லது. மூன்றாவது என்றால் நன்றி சொல்லி, யோசித்து, நீங்களே தீர்மானியுங்கள். கேள்வி கேட்டதற்கே சாபம் வரும் என்று பதில் வந்தால், பிரச்சினை உங்கள் கீழ்ப்படிதலில் இல்லை.

‘கர்த்தர் எனக்குச் சொன்னார்’ என்று ஒருவர் வந்தால் 1 இராஜாக்கள் 13ஐ நினைவில் வையுங்கள். அப்பம் புசியாதே, தண்ணீர் குடியாதே, போன வழியே திரும்பாதே என்று கட்டளை பெற்றுப் பெத்தேலுக்குப் போன தேவமனுஷன், ராஜாவின் விருந்தை மறுத்துவிட்டான். பிறகு ஒரு கிழத் தீர்க்கதரிசி, தேவதூதன் எனக்குச் சொன்னான் என்று பொய் சொன்னதும் கூடப்போய்ச் சாப்பிட்டான். வழியில் சிங்கம் அவனைக் கொன்றது. மூத்த ஊழியர் ஒருவரின் சொல்லை நம்பினேன் என்பது அவனைக் காப்பாற்றவில்லை.

கேள்வி: ‘நான் அபிஷேகம் பண்ணினவர்களைத் தொடாதேயுங்கள்’ என்று எழுதியிருக்கும்போது, போதகர்மேல் எப்படிப் புகார் சொல்வது?

சங்கீதம் 105:15இல் அந்த எச்சரிக்கையைக் கேட்பவர்கள் ராஜாக்கள். தொடக்கூடாதவர்கள் நாடோடிகளாய் அலைந்த ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. பலவான்கள் கையிலிருந்து எளியவர்களைக் காக்கச் சொன்ன வசனம் அது. தாவீது என்கேதி குகையில், தம்மைத் துரத்திய, அபிஷேகம் பெற்ற ராஜாவான சவுலைக் கொல்ல மறுத்தார். ஆனால் வெளியே வந்து சவுலின் குற்றத்தை எல்லாரும் கேட்க எடுத்துச் சொன்னார், சவுல் எறிந்த ஈட்டிக்கு விலகி ஓடவும் செய்தார். கை வைக்காமல் இருப்பது வேறு, வாய் திறக்காமல் இருப்பது வேறு. தாவீதே பாவம் செய்தபோது நாத்தான் தீர்க்கதரிசி அவர் முகத்துக்கு நேரே பேசினார். அந்தியோகியாவில் பேதுரு தவறியபோது பவுல் எல்லார் முன்பாகவும் எதிர்த்தார் (கலாத்தியர் 2).

முறை 1 தீமோத்தேயு 5:19–21இல் இருக்கிறது. இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். பாவத்தில் தொடர்பவரை எல்லார் முன்பாகவும் கடிந்துகொள்ள வேண்டும். பட்சபாதம் கூடாது. கேள்விப்பட்டதையும் கண்டதையும் கலக்காதீர்கள். நாள், இடம், நடந்தது ஆகியவற்றை எழுதி வையுங்கள். மூப்பர் குழுவிடமோ, போதகருக்கு மேலே இருக்கும் அமைப்பிடமோ எழுத்தில் கொடுங்கள். புகாருக்கு ஆளானவரே விசாரணைக்குத் தலைமை தாங்கக்கூடாது. பல சபைகளில் காரியம் கெடுவது இந்த ஒரு இடத்தில்தான். சிறுவர்மேலோ பெண்கள்மேலோ வன்முறை, பண மோசடி போன்ற குற்றம் என்றால், சபைக்குள் பேசித் தீர்க்கும் காரியம் அல்ல அது. தீமை செய்கிறவனைத் தண்டிக்கும் அதிகாரத்தை ரோமர் 13 அரசாங்கத்துக்கே கொடுத்திருக்கிறது. காவல்துறையிடம் போங்கள், முதலில் தனியே பேசச் சொல்லும் மத்தேயு 18இன் படிகளைக் காட்டி யாரும் தாமதப்படுத்த இடங்கொடாதீர்கள்.

கேள்வி: நான் புதிதாக நியமிக்கப்பட்ட உதவிப் போதகன். வயது குறைவு. மூப்பர்கள் என் பேச்சைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை. என் அதிகாரத்தை எப்படி நிலைநாட்டுவது?

நிலைநாட்டப் போகாதீர்கள் தம்பி. 1 தீமோத்தேயு 4:12இல் இளைஞனான தீமோத்தேயுவுக்குக் கிடைத்த ஆலோசனை, வார்த்தையிலும் நடக்கையிலும் மாதிரியாயிரு என்பது. பேதுருவும் மூப்பர்களுக்கு அதையே எழுதுகிறார்: இறுமாப்பாய் ஆளாமல் மந்தைக்கு மாதிரிகளாக (1 பேதுரு 5:3).

சவுலின் கதையை உங்களுக்காகவே ஒருமுறை வாசியுங்கள், 1 சாமுவேல் 13, 15. கில்காலில் சாமுவேல் தீர்க்கதரிசிக்காக ஏழு நாள் காத்திருந்தார். ஜனங்கள் சிதறத் தொடங்கினார்கள். பொறுக்காமல் தாமே பலியிட்டார். முடித்த கையோடு சாமுவேல் வந்துவிட்டார். தலைவர்கள் வழுக்குவது பெரும்பாலும் அந்தக் கடைசி மணி நேரத்தில்தான், கூட்டம் கலைகிறதே என்ற பயத்தில். மிருகங்களோடு முற்றிலும் அழிக்கும்படி கர்த்தர் சொல்லியிருந்த அமலேக்கியர் விஷயத்தில் இன்னும் தெளிவு. முதலில் தமக்கு ஒரு ஜெயஸ்தம்பம். பிறகு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்ற அறிக்கை. ஆடுகள் கத்துகிறதே என்றால், ஜனங்கள்தான் தப்பவைத்தார்கள் என்ற சாட்டு. அதுவும் பலியிடத்தான் என்ற பக்தி. கடைசியில் பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்டபின்பும் வேண்டுகோள் என்ன? மூப்பருக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்பதே. பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் சொன்னது இப்படிப்பட்டவரிடம். அதன்பின்பும் சவுல் சிம்மாசனத்தில் நெடுநாள் இருந்தார். பதவி இருந்தது, கர்த்தருடைய ஆவியோ அவரை விட்டு நீங்கினார்.

செய்ய வேண்டியவை சின்னச் சின்னவை. வருகிறேன் என்று சொன்ன வீட்டுக்குச் சொன்ன நேரத்தில் போங்கள். காணிக்கையைத் தனியாக எண்ணாதீர்கள். எருசலேமுக்கான தர்மப்பணத்தைக் கொண்டுபோக, சபைகள் தெரிந்துகொண்ட ஒருவரைப் பவுலே கூடச் சேர்த்துக்கொண்டார், யாரும் குறை சொல்லாதபடி (2 கொரிந்தியர் 8:19–21). இந்த வாரம் பிரசங்கிக்கப்போகும் வசனத்தில் நீங்கள் இன்னும் செய்யாத பகுதி எது என்று பிரசங்கக் குறிப்பின் ஓரத்தில் எழுதி, ஞாயிற்றுக்கு முன் அதைச் செய்யுங்கள். முடியாவிட்டால் அந்தப் பகுதியை மேடையில் அதட்டலாகச் சொல்லாதீர்கள். மூப்பர் சொன்னது சரியாக இருந்தால் கூட்டத்திலேயே அப்படிச் சொல்லுங்கள். ‘கர்த்தர் எனக்கு வெளிப்படுத்தினார்’ என்று சொல்லி வாக்குவாதத்தை முடிக்கும் ஆசை வரும். அந்த ஆசைக்கு மட்டும் இடங்கொடாதீர்கள், பிறகு உங்கள் உண்மையான வார்த்தையையும் நம்ப ஆளிருக்காது.

கேள்வி: எல்லாம் கீழ்ப்படிதலைப் பொறுத்தது என்றால் கிருபை எங்கே போயிற்று?

தேவனுடைய பிள்ளையாவது கிருபையால்; எபேசியர் 2:8, 9ஐ யாரும் அழிக்க முடியாது. பத்தாம் வசனம் அந்தக் கிருபை நம்மை எதற்காகச் சிருஷ்டித்தது என்று சொல்கிறது: நற்கிரியைகளுக்காக. கீழ்ப்படிதல் கூலி வாங்கும் வேலை அல்ல. 72 மணி நேரம் கீழ்ப்படிந்தேன், எனக்கு இவ்வளவு அதிகாரம் என்று வழக்காட முடியாது. ஊழியத்திலிருந்து திரும்பி வந்த எழுபது பேர் பிசாசுகள் கீழ்ப்படிகிறதே என்று மகிழ்ந்தபோது, உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதற்காக மகிழுங்கள் என்றார் இயேசு (லூக்கா 10:20).

கேள்வி: விழுந்துபோன தலைவர் மனந்திரும்பினால் உடனே பழைய இடத்துக்கு வரலாமா? இயேசுவை மறுதலித்த பேதுரு வந்தாரே.

மன்னிப்பு உடனே, பதவி உடனே அல்ல. சபையின் கண்காணி புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றவனாக இருக்க வேண்டும் என்கிறது 1 தீமோத்தேயு 3:7. அந்தச் சாட்சி திரும்ப வர ஆண்டுகள் ஆகலாம், சில குற்றங்களில் வராமலே போகலாம். பேதுருவை மீண்டும் நியமித்தவர் பேதுரு அல்ல. யோவான் 21இல் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று இயேசு மும்முறை கேட்டார், மற்ற சீஷர்களும் உண்டு முடித்து அங்கே இருந்தபோதே கேட்டார். ஆகவே திரும்பும் நாளை விழுந்தவரே அறிவிக்கக்கூடாது. பாதிக்கப்பட்டவர்களிடம் முதலில் கேட்க வேண்டும். பணம் சம்பந்தப்பட்டிருந்தால் சகேயு செய்ததுபோல் திருப்பிக் கொடுத்தாரா என்று பார்க்க வேண்டும். மேடை இல்லாமல், சம்பளம் இல்லாமல், சபையின் பின்வரிசையில் உட்கார ஒத்துக்கொள்கிறாரா? ஒத்துக்கொள்ளாவிட்டால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.